அப்பா வடக்கே வந்து திரும்பிய கதை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
பங்குனி 2006

அன்பு மகள் ஜொய்சிக்கு அம்மா எழுதுவது. மடு மாதாவின் காவலில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் சரியாகச் சூடேறவில்லை, அது ஏன் என்று சொல்கிறேன். அந்தப் பனிக்குள் நீயும் மூக்கும் காதும் குறையாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் எடுக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போன் ஹோலில் இருக்கிறது, அப்பா அதற்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார், நான் எழுதப்போவதோ உனக்குச் சொல்லக்கூடாது என்று அவர் மறித்த விஷயம்.

அந்த வடகோடிக் கிளினிக்கில் இன்னும் இரண்டு வருடம் நேர்ஸாக நிற்கப்போகிறேன் என்று நீ சொன்ன நாள் தொடக்கம் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாரிசிலிருந்து கிறிஸ்தோப்பர் சித்தப்பா போன் எடுத்து, ரோட்டே இல்லாத ஊரில் குமர்ப்பிள்ளையை விட்டுவிட்டு எப்படி அண்ணை நித்திரை கொள்ளுறியள் என்று கேட்டார். மன்னாரிலிருந்து பிலோமினம்மா மாமி எடுத்து, அங்கே வெள்ளைக் கரடி ஆஸ்பத்திரிக்குள் வருமோ என்று கேட்டா. வந்தாலும் மருந்து எடுத்துக்கொண்டு போய்விடும் என்று சொன்னேன், அவ சிரிக்கவில்லை. கடைசியில் அப்பா லீவு போட்டுவிட்டு, நேரே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். உனக்குச் சொன்னால் மறித்துவிடுவாய் என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார். டோர்வல் விமான நிலையத்தில் இத்தனை வருடம் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற மனிதர், இந்த நாட்டில் வந்து இறங்கிய பிறகு ஒரு நாளாவது விமானத்தில் ஏறியதில்லை. உன்னுடைய பெரிய டொக்டரோடு கதைக்க வேண்டுமென்று டை கட்டி, கலியாண வீட்டுக்குப் போடுகிற மெல்லிய சப்பாத்தையும் போட்டுக்கொண்டார். பனிச் சப்பாத்தைப் போடுங்கோ என்று நான் சொன்னது எடுபடவில்லை, விரல்களின் கதை அதுதான். கையில் உனக்கென்று ஒரு பை சீலாக் கருவாடு. பணிப்பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நடையாய் நடந்தாளாம், அப்பா யாருடைய பையோ என்பது போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மகளே, அவர் உன் ஊருக்கு மேலே வந்துவிட்டார். நீ கீழே யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டு நின்றிருப்பாய். பனிப்புயலில் இறங்க முடியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, விமானத்தை வேறொரு ஊரில் கொண்டுபோய் இறக்கி, எல்லோரையும் அங்குள்ள பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கவைத்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அங்கேயிருந்து போன் எடுத்த உன் அப்பா, எனக்குப் பயம் வரக்கூடாதென்று, ஜொய்சி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று பொய் சொன்னார். பின்னால் வீரிட்டு அழுகிற சத்தம் கேட்டது. யாரது அழுவது என்று கேட்டேன். ஜொய்சிதான், கருவாட்டைப் பறித்ததற்கு அழுகிறாள் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. படித்து வேலை பார்க்கிற பிள்ளை, கருவாட்டுக்கு இப்படி அழுகிற அளவுக்கு அங்கே காய்ந்துபோய்க் கிடக்கிறாளே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிள்ளைக்கு அதைக் குடுங்கோ, உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ என்று கத்தினேன். பிறகு, “நான் அவளைக் கூட்டிக்கொண்டு வரேல்லை, செலீன். அவள் இஞ்சை இருக்கட்டும்” என்றார், லைன் அறுந்துவிட்டது.

திரும்பி வந்தவரை வாசலிலேயே மறித்து விசாரித்தேன். அந்த மண்டபத்தில் எலிசாப்பி என்று ஒரு இனுயிட் மனிசி, அந்த ஊர் ஆதிக்குடியாள், அப்பாவின் சப்பாத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தன் புருஷனின் தோல் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தாவாம். அப்பா பதிலுக்குக் கருவாட்டுப் பையை அவிழ்த்திருக்கிறார். அவ மணந்து பார்த்துவிட்டுத் தன்னிடமிருந்த காய்ந்த மீனை எடுத்துக் கொடுத்தாவாம். நல்ல மீன், ஆனால் உப்பே போடவில்லை என்று அப்பாவுக்கு இன்னும் குறை. எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறா. மகளிடம், அவள் நேர்ஸ், பெயர் ஜொய்சி என்றதும் அவ எழும்பி, தத்தித் தத்தி நடக்கிற ஒரு சின்னப் பெட்டையைத் தூக்கிவந்து அப்பாவின் மடியில் வைத்து, இவளும் ஜொய்சிதான் என்றாவாம். எலிசாப்பி தன் தமக்கையைப் பார்க்க உன் ஊருக்கு வந்த நேரத்தில் வலி கண்டு, புயலில் டொக்டரும் வர முடியாமல் நீயே பக்கத்தில் நின்று பிரசவம் பார்த்த பிள்ளையாம், அதனால் உன் பெயராம். அவர்களுக்குப் பெயர் வைப்பது சும்மா காரியம் இல்லையாம், பெயர்க்காரியின் சொந்தமெல்லாம் பிள்ளைக்கும் சொந்தமாம். “அப்ப நீ இவளுக்கும் அப்பன், பிடி” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போய்விட்டாவாம். அவள் அப்பாவின் டையைப் பிடித்துத் தொங்கி, உப்புக் கருவாட்டை முழுதாக வாய்க்குள் திணித்திருக்கிறாள். அதைப் பறித்ததற்குத்தான் அந்த அழுகை.

புயல் விட்டதும் உன் ஊருக்கு ஒரு விமானமும் மொன்றியலுக்கு ஒரு விமானமும் நின்றதாம். உன் அப்பா மொன்றியல் விமானத்தில் ஏறிவிட்டார். அவ்வளவு தூரம் போய் ஏன் பிள்ளையைப் பார்க்காமல் வந்தீர்கள் என்று நான் ஏசினேன். “போயிருந்தால் வா எண்டு கேட்டிருப்பன். கேட்டால் அவள் வந்திடுவாள்” என்றார். பிறகு கால் கழுவப் போனவர் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே நின்றார், நான் கதவைத் தட்டவில்லை.

இப்போது ஞாயிறு பூசை முடிந்தால் கோயில் வாசலில் அப்பாவைச் சுற்றி ஒரே கூட்டம். உன் வீட்டில் தங்கியதாகவும் நீ வைத்த இறைச்சிக் கறி நன்றாக இருந்ததாகவும் சொல்லிக்கொண்டு திரிகிறார், போன ஞாயிறு சொன்ன கதையில் கரடி தூரத்தில் நின்றது, இந்த ஞாயிறு யன்னலடிக்கு வந்துவிட்டது. ஆகவே கிறிஸ்தோப்பர் சித்தப்பா எடுத்துக் கேட்டால், ஓம், அப்பா வந்தவர் என்று மட்டும் சொல்லு. கறியைப் பற்றிக் கேட்டால் கதையை மாற்று, நீ கறி வைக்கிற சீர் சித்தப்பாவுக்கும் தெரியும்.

நீ இருக்க விரும்பும் காலம் வரைக்கும் இரு, மகளே. ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும், மாதா உன் வாசலில் காவல் நிற்கட்டும். ஆனால் உன் பெயரில் ஒரு பிள்ளை நடந்து திரிவதை எனக்குச் சொல்லாமல் விட்டதற்கு நேரில் வரும்போது கதை இருக்கிறது. காதை மூடிக் கட்டு. மறக்காமல் அந்தச் சின்னவளின் கால் அளவை எழுதி அனுப்பு, கம்பளி நூல் வாங்கி வைத்துவிட்டேன்.

இரண்டு ஜொய்சிகளுக்கும் அம்மா,
செலீன்