இரண்டு சர்வர், ஒரு டிஸ்க் பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

புது சர்வர்களுக்குத் திட்டம் போடப் போவது கொழுந்தனாம். இந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் நான். அவன் என் சிபாரிசில் உள்ளே வந்தவன். எங்கள் தலைவர் – எதற்கும் தலையை ஆட்டுவதால் தலையாட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம் – "இளரத்தம் வரட்டுமேம்மா" என்கிறார். வயிறு எரிகிறது.

வீட்டில் ஒரே குதூகலம். என் வீட்டுக்காரர் தம்பிக்காகக் கேக் வாங்கி வந்தார். எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தந்தார்கள். தின்றேன்.

ஜூன் 5, வியாழன்

திட்டத்தைப் பார்த்தேன். இரண்டு சர்வர். நோயாளிகளின் பதிவெல்லாம் இருக்கும் டிஸ்க் பெட்டி ஒன்று, இரண்டுக்கும் பொது. ஒரு சர்வர் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். நடுவில் ஒரு மெல்லிய கேபிள். அதன் வழியாக ஒன்றையொன்று 'இருக்கியா?' என்று நொடிக்கொரு தரம் கேட்கும். பதில் வராவிட்டால் காத்திருப்பது வேலையை எடுத்துக்கொள்ளும்.

சரி, போனது கேபிள் மட்டும்தான் என்றால்? அடுத்தது செத்துவிட்டது என்று இரண்டும் நம்பும். ஒரே நோட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு பேர் எழுதுவது போல, இரண்டும் ஒரே டிஸ்கில் எழுதும். அதனால்தான் வேலையை எடுக்கும் முன் அடுத்ததன் மின்சாரத்தை வெட்ட ஒரு சுவிட்ச் வைப்பார்கள். கொழுந்தனார் அதை விட்டுவிட்டார். பழைய நகல் எடுக்கும் வேலையையும் நிறுத்தப் போகிறாராம் – "ரெண்டு சர்வர் இருக்கறப்ப நகல் எதுக்கு?"

கூட்டத்தில் சுவிட்சைப் பற்றி ஒரே ஒரு தரம் சொன்னேன். "வீட்லதான் காஸ் மூடியாச்சான்னு மூணு தடவை பாப்பீங்க, இங்கயுமா அண்ணி?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தலையாட்டிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இனிமே வாயத் தொறந்தா ஏன்னு கேளு.

ஜூன் 13, வெள்ளி

சோதனை. ஒரு சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கினான். நாற்பது நொடியில் மற்றது எழுந்தது. கைதட்டல். கேபிளை மட்டும் பிடுங்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நானும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். வெள்ளிதோறும் கிளம்பும் முன் பதிவு முழுவதையும் என் டிஸ்க் ஒன்றில் நகல் எடுப்பேன், போன வார நகலின் மேலேயே. மேசை டிராயரில் பூட்டு. இவன் மூக்குடைபடும் நாளில் டிராயர் திறக்கும். தலையாட்டியின் முகம் அப்போது எப்படிப் போகும்! இப்போதே சிரிப்பு வருகிறது.

ஜூன் 20, வெள்ளி

நகல் எடுத்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. சே.

ஜூன் 27, வெள்ளி

நேற்று ஏசி மெக்கானிக் சர்வர் அறையில் ஏணியை இழுத்து உருட்டிக்கொண்டிருந்தார். இன்று ஒரு நர்ஸ் போன் செய்து, திரையில் நோயாளிகளின் பேர் மாறி வருகிறது என்றார். கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள் என்று வைத்துவிட்டேன். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். நகல் எடுத்தேன், பூட்டினேன்.

ஜூன் 28, சனி

நடந்துவிட்டது. ஏணிக் கால் அந்தக் கேபிளை நசுக்கியிருக்கிறது. வியாழனிலிருந்து இரண்டு சர்வரும் எழுதித் தள்ளியிருக்கின்றன. கொழுந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எல்லாம் போச்சு அண்ணி." வேணும், நல்லா வேணும்! டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அப்புறம்தான் டிராயரைத் திறந்தேன், எல்லோர் முன்னாலும்.

நகலிலும் அதே குளறுபடி. வியாழனன்று கெட்டதை வெள்ளியன்று நானே அள்ளிப் பூட்டியிருக்கிறேன். நல்ல நகலை என் கையாலேயே அழித்திருக்கிறேன். ஏண்டி, இன்னொரு டிஸ்க் எடுத்து வைக்க உனக்கு என்ன கேடு?

ஜூன் 30, திங்கள்

மூன்றாவது வார்டில் ஓர் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். போடக் கூடாது என்ற குறிப்பு வேறு யாருடைய பக்கத்திலோ ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். மகள் எங்கள் மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். தாண்டினேன்.

ஜூலை 2, புதன்

விசாரணை. "இந்த நகலை எடுக்கச் சொன்னது யாரும்மா?" என்று தலையாட்டி கேட்டார். கொழுந்தன் எழுந்தான்.

"சார், அண்ணி அன்னிக்கே எச்சரிச்சாங்க. நான்தான் கிண்டல் பண்ணினேன். நான் மாட்டிக்கக் கூடாதுன்னு, யாருக்கும் சொல்லாம அவங்களே நகல் எடுத்து வச்சிருக்காங்க. தப்பு முழுக்க என்னுது." அழுதுவிட்டான்.

முதல் தடவையாகத் தலையாட்டி தலையை ஆட்டவில்லை. "அப்ப ஆபத்து இருக்குன்னு உங்களுக்கு இத்தனை நாளும் தெரியும்?"

பாவி. என்னைக் காப்பாத்தறேன்னு இப்படிப் பண்ணிட்டியே!

ஜூலை 4, வெள்ளி

வேலை போயிற்று. அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். உண்மையை ஒத்துக்கொண்டானாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். மூன்றாவது வார்டு அம்மா போன வாரம் இறந்துவிட்டாராம். அப்புறம் பையிலிருந்து புதுத் திட்டத்தை எடுத்து விரித்தான்.

"கேபிள் ரெண்டா ஆக்கிட்டேன். சுவிட்ச் வச்சாச்சு. தினமும் நகல், ஒரு மாசத்துக்கு எதையும் அழிக்கறதில்ல. எல்லாம் உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான் அண்ணி. ஒரு தடவை பாத்துடுங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் நாளைக்குக் கையெழுத்துப் போடுவேன்."

நிதானமாகப் பார்த்தேன். இரண்டு சர்வர், டிஸ்க் பெட்டி, நகல் எடுக்கும் மெஷின் – எல்லாவற்றின் மின்சார வயரும் ஒரே யுபிஎஸ்ஸுக்குப் போகின்றன. அது ஒன்று புகைந்தால் எல்லாம் ஒன்றாகச் சாயும்.

என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார்.

"நல்லா இருக்கு தம்பி," என்றேன்.