ஓரம் வெட்டுப்பட்ட பக்கம்

பணி நாள் 61, காலை 07:10

நிலவின் தென்முனை, பள்ளத்து விளிம்பு நிலையம். எழுதுவது செழியன், கணினி மற்றும் தொடர்பு. காற்று சரி. உள் வெப்பம் இருபத்தொரு டிகிரி. நிலையத்தைச் சூடாக வைத்திருக்கும் அம்மோனியாக் குழாய்ச் சுற்று சரி. பிரவுசர் சரியில்லை.

இதை யார் கண்டெடுப்பீர்களோ தெரியாது, அதனால் விளக்கிவிடுகிறேன். வெளியே இருட்டுப் பள்ளத்தில் இறங்கினால் டேப்லெட் குளிரில் செத்துவிடும். ஆகவே வேலைக்குறிப்பை பிளாஸ்டிக் தாளில் பிரிண்ட் எடுத்து, விண்ணுடையின் இடது முன்கையில் கட்டிக்கொண்டு இறங்குவோம். குறிப்புகள் எல்லாம் வலைப்பக்கங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டம்: படி எண், செய்ய வேண்டியது, எச்சரிக்கை. பிரிண்ட் கொடுத்தால் மூன்றாவது கட்டம் வருவதே இல்லை. தாளுக்கு வெளியே போய்விடுகிறது.

எனவே எச்சரிக்கைகளைத் திரையைப் பார்த்து நானே மார்க்கரால் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். பிரிண்டர் தட்டில் இருக்கும் தாள் முடிந்த தாள். பின்பக்கம் காலி என்றால் எச்சரிக்கை இல்லை என்று அர்த்தம். எனக்கும் ஷமீமா அக்காவுக்கும் உள்ள ஏற்பாடு. அவர் இயந்திரப் பொறியாளர். இங்கே இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

பூமியிலுள்ள தரை மையத்துக்கு இன்று அனுப்பிய கோரிக்கை: பக்கத்தைத் தாளின் அகலத்துக்குச் சுருக்கும் வசதி வேண்டும். தாளைக் கிடையாகத் திருப்பும் வசதி வேண்டும். தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் அச்சிட வேண்டும். உங்கள் வீட்டு பிரவுசரில் இதெல்லாம் இருக்கிறது. பாதுகாப்பு என்று சொல்லி எங்களுடையதில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். திறந்துவிடுங்கள்.

பணி நாள் 63, பகல் 13:25

தரை உதவி மையத்தில் செல்வின் என்று ஒரு நாகர்கோவில்காரர். அவர் அனுப்பிய குரல்:

"மக்கா செழியா, நிலாவுல உக்காந்துக்கிட்டு பேப்பர் ஓரம் வெட்டுதுன்னு அழுத மொத ஆளு நீதாம்ல. ஸ்கிரீன்ல சரியாத்தானே தெரியுது? பாத்து எழுதிக்கோ. கை வலிச்சா சொல்லு, தைலம் அனுப்புதேன்."

பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன். நல்ல வார்த்தை இல்லை. உதவி மையத்தில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

அக்கா தன் கணக்கைத் தந்தார். கூடவே பணிமனையிலிருந்து இன்டர்காமில்:

"என் பேர்ல கெட்ட வார்த்தை போட்டேன்னு வை, ஊருக்குப் போறப்ப உன்னை இங்கயே விட்டுட்டுப் போயிருவேன்டா. பிரிண்டருக்குத் துணையா இரு."

மரியாதையாகவே எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

பணி நாள் 66, காலை 10:50

தரையின் பதில்: "கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. வெட்டுப்பட்ட பக்கத்தின் மாதிரி ஒன்றை இணைக்கவும். மாதிரியில் இருபுறமும் கையெழுத்துக் குறிப்புகள் இருத்தல் கூடாது."

இருக்கிற பக்கங்களிலேயே மோசமாக வெட்டுப்படுவது, அம்மோனியாவைச் சுற்றவிடும் பள்ளத்துப் பம்பின் வால்வு மாற்றும் பக்கம். அதைப் பிரிண்ட் எடுத்தேன். முன்னும் பின்னும் படம் பிடித்தேன். தொடர்பு நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்தது. தாளைத் தட்டிலேயே போட்டுவிட்டு அனுப்ப ஓடினேன்.

பணி நாள் 66, மாலை 17:30

ஷமீமா அக்கா இறந்துவிட்டார்.

பிற்பகலில் பள்ளத்துப் பம்பு நின்றது. அக்கா தட்டில் இருந்த தாளைக் கையில் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் அந்த நேரம் தரையின் அலைவரிசையில் செல்வினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் அலைவரிசையில் பதிவாகியிருந்ததைப் பிறகுதான் போட்டுக் கேட்டேன்:

"டேய், பின்னாடி ஒண்ணையும் காணோம். எழுதச் சோம்பேறித்தனமா, நெஜமாவே ஒண்ணுமில்லையா? ... டேய் செழியா ... சரி, காலிதான். நாலாவது படி. மூடியைத் திறக்குறேன்."

பிறகு இரைச்சல்.

திரையில் நாலாவது படியின் மூன்றாவது கட்டம்: "அழுத்தமானி பூச்சியத்துக்கு வந்த பிறகே திறக்கவும். இந்த வால்வு தானாக அழுத்தம் இறக்காது." பழைய வால்வுகள் தானாக இறக்கும். அக்கா பழகியது அவற்றோடுதான். மூடி முகக்கண்ணாடியில் அடித்திருக்கிறது.

இந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். கீழே இருந்த வரிகளைப் படிக்கவில்லை. ஏழாவது படிக்கு நேரே ஏதோ சிவப்பாக இருந்தது. அப்போது எனக்கு அது தேவைப்படவில்லை.

பணி நாள் 67, காலை 09:15

வெப்பம் எட்டு டிகிரி. இறங்கிக்கொண்டே இருக்கிறது. திறந்த மூடி வழியே அம்மோனியா வெளியேறிப் பாதிச் சுற்று காலி. ஐந்தாம் படியிலிருந்து ஒன்பதாம் படிவரை முடித்தால் மாற்றுக் குழாய் திறக்கும், நிலையம் பிழைக்கும். இல்லையென்றால் இல்லை.

தரையிலிருந்து தானியங்கிச் செய்தி: "உங்கள் கோரிக்கை மூடப்பட்டது. காரணம்: கோரிக்கையாளர் தற்போது செயலில் இல்லை."

அக்காவின் கணக்கு.

இந்த முறை ஒரு வார்த்தையோடு நிறுத்தவில்லை. செல்வினிடமிருந்து குரல் வந்தது. கிண்டல் இல்லை:

"மக்கா, நா மேல பேசிட்டேன். சத்தம் போட்டுட்டேன். நீ கேட்டது அத்தனையும் இப்பமே அனுப்புதோம். தானாவே ஏறிரும். நீ ஒண்ணும் தொடாண்டாம்."

வேண்டாம், பக்கத்தைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை வேண்டாம் என்று கத்தினேன். பாதியில் தொடர்பு போய்விட்டது. தட்டு ஆன்டெனாவின் மோட்டார் குளிரில் உறைந்துவிட்டது. ஆனால் அவர்கள் அனுப்பியது அதற்கு முன்பே முழுதாக வந்து சேர்ந்திருந்தது.

பணி நாள் 67, காலை 11:40

புதிய பிரவுசர். ஒப்புக்கொள்ள வேண்டும், அருமையாகச் செய்திருக்கிறார்கள். அகலத்துக்குச் சுருக்கலாம். கிடையாகத் திருப்பலாம். எழுத்தின் அளவை மாற்றலாம். முன்கைப் பட்டையின் அளவுக்கே தனியாக ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்.

ஏறும்போது சேமித்த பக்கங்கள், அனுப்பிய படங்கள் அனைத்தையும் அழித்துவிட்டது. புதிதாகத் தரையிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டுமாம்.

வால்வுப் பக்கத்தைப் பிரிண்ட் கொடுத்துப் பார்த்தேன். தாளின் நட்டநடுவில், நான்கு பக்கமும் சமமாக ஓரம் விட்டு, அழகாக வந்தது: "இணைப்பு இல்லை."

வெப்பம் இரண்டு டிகிரி. விரல் மரத்துப் போகிறது. அந்த வால்வுக் குறிப்பு இந்த நிலவில் இப்போது ஒரே ஒரு பிரதிதான். அக்காவின் கையில் இருக்கிறது.

இந்தப் பதிவை அச்சிட்டுத் தட்டில் வைத்துவிட்டு இறங்குகிறேன். ஓரம் எதுவும் வெட்டுப்படாது. கவலைப்படாதீர்கள்.

பணி நாள் 67, பகல் 12:55. விண்ணுடைக் குரல், தானியங்கி எழுத்தாக்கம்

அக்கா பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறார். பட்டையை அவிழ்க்க வரவில்லை. வெட்டித்தான் எடுத்தேன். மன்னிச்சிருங்கக்கா.

படி ஐந்து முடிந்தது. ஆறு முடிந்தது.

படி ஏழு. "மாற்று வால்வை முழுதாகத் திறக்கவும்." அவ்வளவுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு தாளின் ஓரம்.

சிவப்பு. என்ன எழுதியிருந்தது. ஏதோ மெதுவாக என்று. இல்லை, வேகமாக என்றா. எதையோ முதலில் மூட வேண்டும் என்றா. செல்வின் அண்ணே, கேக்குதா? ஏழாவது படி. மூணாவது கட்டம். ஒரு வரிதான். படிச்சுச் சொல்லுங்க. அண்ணே.

நிலையம் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. காத்திருக்க முடியாது.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி.

காலி என்றால் எச்சரிக்கை இல்லை என்று அர்த்தம்.

திறக்கி