மகளுக்கு முதலில் கொடுத்தது

துல்சா,
ஆகஸ்ட் 24

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு அப்பா ஆர்வல் எழுதுவது. அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நடை திரும்பிவிட்டது, கூடவே வாயும் திரும்பிவிட்டது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் பில் பாக்கி வழக்கில் ஜெயித்து, அடுத்த மாதத்திலிருந்து என் சம்பளத்தில் கால்வாசியைப் பிடிக்கப் போகிறார்கள். அதனால்தான் திவால் மனு போட விட்லோ என்ற வக்கீலைப் பிடித்தேன், வயது முப்பதுகூட இருக்காது. மனு போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் போனில் சிக்கனப் பாடம் கேட்க வேண்டுமாம். வெளியே காபி குடிப்பதைக் குறையுங்கள் என்று ஒரு பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் நாற்பது வருஷமாக வீட்டுக் காபியைத் தவிர எதையும் தொட்டதில்லை.

முதல் நாளே அந்த வக்கீல், இந்த ஒரு வருஷத்தில் சொந்தக்காரர் யாருக்காவது கடன் திருப்பிக் கொடுத்தீர்களா என்று கேட்டான். என் வீட்டு விஷயம் இவனுக்கு எதற்கு என்று, இல்லை என்றேன். மறுவாரம் என் வங்கிக் கணக்குத் தாளை என் முன்னால் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தான். போன அக்டோபர் ஒன்பதாம் தேதி, உன்னிடம் வாங்கிய கடனுக்காகப் படகை விற்று அனுப்பினேனே, அந்த மூவாயிரத்து இருநூறு டாலர். பெற்ற பிள்ளைக்கு முதலில் கொடுத்தது குற்றமா என்று கேட்டேன். "குற்றம் இல்ல சார். ஆனா இப்ப மனு போட்டா, கோர்ட்டு வைக்கிற பொறுப்பாளர், எல்லாக் கடன்காரங்களுக்கும் பங்கு போட, அந்தப் பணத்த உங்க மகள்ட்ட திருப்பிக் கேக்கலாம். என்கிட்ட மறைச்சா உங்கள நான் எப்படிக் காப்பாத்துறது?" என்றான். அக்டோபர் பத்து தாண்டிப் போட்டால் ஒரு வருஷக் கணக்கு முடிந்துவிடும், உன்னைத் தொட மாட்டார்கள், ஆனால் அதுவரை சம்பளப் பிடிப்பு நடக்கும், எது வேண்டும் என்று என்னையே சொல்லச் சொன்னான்.

தள்ளிப்போட்டுக் கூடுதல் கூலி கறக்கப் பார்க்கிறான் என்று நினைத்து, ஒரு பைசாவும் கூட்டக் கூடாது என்று எழுதி வாங்கினேன். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். நூலகத்தில் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து சட்டப் புத்தகத்தை நானே படித்தேன். அவன் சொன்னது சரியாக இருந்தது. அதனால் சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று. உன் அம்மா சும்மா இருப்பாளா, "ஆஸ்பத்திரில நீட்டுன காகிதத்துல எல்லாம் படிக்காமக் கையெழுத்துப் போட்ட மனுஷன், நல்லது சொல்றவன மட்டும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்குறான்" என்கிறாள்.

பொறுக்கிறேன் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம், அதற்குள் மூன்று சம்பளத்தில் கால்வாசி போகும், போகட்டும். எனக்குத் தெரியாமல் அம்மா உனக்குப் போன் பண்ணி அழுதிருப்பாள். நீ பணம் அனுப்பினால் தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது உன் பணம், உன்னிடமே இருக்க வேண்டும். வக்கீலோ கோர்ட்டு ஆளோ கூப்பிட்டு அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டால், முதலில் அவர்கள் பெயரையும் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள். அப்புறம் நடந்ததை நடந்தபடி சொல்: அப்பா வாங்கினார், திருப்பிக் கொடுத்தார். எனக்காகப் பொய் சொல்லாதே. அதை நானே ஒரு தடவை சொல்லி, நேற்றுப் பிறந்த பையன் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தேன்.

கடவுள் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். பனி விழுமுன் கார் டயரை மாற்று, கடைக்காரன் சொல்வதை நம்பாமல் நீயே தடவிப் பார்.

உன் அப்பா,
ஆர்வல்