அப்பாவின் செய்திக்கு என் கால்

2007 கார்த்திகை, செவ்வாய் இரவு

கால் விறைத்துப்போயிருக்கிறது. பொருளாதாரத் தடையில் கடைகளில் பற்றரி இல்லாததால், ஸ்ராண்டில் நிற்கும் சைக்கிளை நான் மிதித்தால்தான் டைனமோவில் அப்பாவின் றேடியோ பேசும். ஒரே சண்டைச் செய்தியை நான்கு நிலையங்களில் கேட்பார். சாதாரணதரப் பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தை நான் இன்னும் திறக்கவில்லை.

இன்று மிதிப்பதை நிறுத்திவிட்டு நானே செய்தி வாசித்தேன்.

"ஸ்கந்தபுரத்தில் ஒரு பெடியன் கணக்குப் பாடத்தில் பின்வாங்கியுள்ளான். வினாத்தாளுக்குச் சேதமில்லை."

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

"எத்தினை கணக்கடா விளங்கேல்லை?"

"எல்லாம்தான் அப்பா."

றேடியோ வயரைக் கழற்றிப் பல்பில் பூட்டினார். தானே ஏறி மிதித்தார். அந்த வெளிச்சத்தில் கணக்குச் செய்தேன். இரண்டாவது கணக்கின்போது தூரத்தில் செல் விழுந்து வெடிக்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் முகம் றேடியோப் பக்கம் திரும்பியது. மிதிப்பதை நிறுத்தவில்லை.