ஒரே கூடத்துச் சாமான்கள்

அன்பு மகளுக்கு,

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பழைய குடும்பப் படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. "பழசுன்னா உயிரையே விடுவீங்களேப்பா, பார்த்ததும் வாங்கிட்டேன்" என்று எழுதியிருந்தாய்.

படத்தில் இருப்பவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் அவர்களைச் சுற்றியிருக்கும் சாய்வு நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, டிராயர் வைத்த மேசை மூன்றும் நம் கூடத்தில் இருப்பவை. முப்பது வருடங்களில், மூன்று ஊர்களில் தேடித்தேடி வாங்கியவை. கண்ணாடி மூலையில் இருக்கும் கீறல்கூட அப்படியே தெரிகிறது.

பாலிஷ் போட வரும் தச்சரிடம் காட்டினேன். படத்தையும் கூடத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஒரே வீட்டுச் சாமான் சிதறிப்போய் உங்ககிட்ட வந்து சேர்ந்திருக்கு. அது நடக்கும் சார். ஆனா படத்துல இருக்கிற மாதிரியே எதுக்குப் போட்டு வெச்சிருக்கீங்க?"

இந்தப் படம் வருவதற்குப் பல வருடம் முன்பே அவற்றை அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன்.

உன் அம்மா கடைசிவரை அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. "அதுல ஆள் இருக்கு" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

நேற்றுக் காலை அதை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பழைய இடத்திலேயே கிடந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. நானேதான் திரும்ப இழுத்திருக்க வேண்டும். இழுத்த நினைவுதான் இல்லை.

படத்தில் ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நம் கூடமென்றால் அது வாசல் பக்கம்.

அடுத்த மாதம் குழந்தையோடு வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே அம்மா. நானே அங்கே வந்துவிடுகிறேன், வெறுங்கையோடு.

உன் அப்பா