சேற்றுக்குள் இருந்த ஒல்லிக்கைகள்

இன்று காலை என் திரையில் ஒரு கடலடிப் படம் வந்ததடி. வெறும் சேறு. அதிலிருந்து மெல்லிய இரண்டு கைநுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் கோடிழுத்து ஒரு பெட்டி ஏற்கெனவே போட்டிருந்தது. மனுஷர் யாரும் போடவில்லை, கம்ப்யூட்டரே போட்டது. நுனிகளோடு நிற்காமல், அடியில் உடம்பு புதைந்திருக்கும் இடத்தையும் சேர்த்து, நீ போடுவாயே அதேபோலத் தாராளமாக. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் வேலையே அதுதானே. ஆழத்தில் கேமரா எடுத்த படங்களில் கடலட்டை, நட்சத்திர மீன் என்று ஒவ்வொன்றுக்கும் பெட்டி போட்டுப் பெயர் கொடுப்போம். அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே எண்ணக் கற்றுக்கொள்ளும். திருநின்றவூரிலிருந்து ரயிலில் நசுங்கி வரும் நீயும் சரி, பஸ்ஸில் தொங்கி வரும் நானும் சரி, கடலைக் கண்ணால் பார்த்து எத்தனை வருஷமோ. ஆனாலும் சேற்றில் புதைந்து கையை மட்டும் நீட்டும் அந்தப் பிராணிக்கு ‘ஒல்லிக்கை’ என்று பெயர் வைத்தவள் நீ.

நீ போட்ட பெட்டிகளைச் சரிபார்க்கிறவள் நான். உடம்பு தெரியாததற்குப் பெட்டி கூடாது என்பது விதி. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். நீ என் நாற்காலிக்கே வந்து நின்றாய்.

“கை வெளிய கீதுன்னா, உடம்பு உள்ள கீதுன்னுதானடி அர்த்தம்? கையத் தனியா யாரு நட்டு வெச்சாங்க?”

சிரிப்பு வந்தது. ஆனாலும் விதி விதிதான் என்று பெரிய அதிகாரி மாதிரி சொன்னேன். அத்தனையையும் உட்கார்ந்து அழித்தாய், தாமதத்துக்குத் திட்டும் வாங்கினாய். அன்று மதியம் உன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளவில்லை. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோலத் தள்ளினாய். அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

நீ காய்ச்சலென்று லீவு போட்ட வாரம், வெள்ளிக்கிழமை, கடல் ஆராய்ச்சிக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது. புதைந்தவற்றையும் சேர்க்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்தச் சேற்றில் உயிரே இல்லை என்று ஆகிவிடுமாம். படித்ததும் உனக்குப் போன் செய்திருக்கலாம். பாழாய்ப்போன கௌரவம் தடுத்தது. திங்கட்கிழமை வருவாய், நேரிலேயே ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து உன் தம்பி போன் செய்தான்.

உன் காரியம் முடிந்து வந்து, நீ அழித்த பெட்டிகளைப் பழைய பதிவிலிருந்து ஒவ்வொன்றாக நானே மீட்டேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது அவற்றைப் பார்த்துத்தான்.

இப்போதெல்லாம் யாருடைய பெட்டியையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருப்பி அனுப்புவதில்லை. எழுந்து அவர்கள் இடத்துக்குப் போய், ஏன் போட்டாய் என்று கேட்கிறேன். வேலை கொஞ்சம் தாமதமாகிறது, திட்டு எனக்கு விழுகிறது. விழட்டும்.

காலையில் அந்தப் படத்துக்குச் ‘சரி’ என்று அழுத்தினேன். பிறகு, பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“நீ சொன்னதுதான்டி சரி.”