கலர் பார்க்க என் கை

25-8, திங்கள்

வெயில். ஆவணி பிறந்தும் குறையவில்லை. பார்லரில் ஏசி ரிப்பேர், ஃபேன் மட்டும்.

பவுண்டேஷன் பெட்டியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். கடைசி பாட்டில், இருப்பதிலேயே கறுப்பு ஷேடு, சீல் உடைக்காமல் அப்படியே இருக்கிறது. முதல் மூன்று பாட்டிலும் தலைகீழாக நிற்கின்றன, அடியில் கிடப்பதையும் தட்டி எடுக்க. யாருக்கு இது என்று பாண்டி அக்காவிடம் கேட்டேன். பார்லரில் எனக்கு சீனியர்.

“செட்டோட வந்ததுடி. எவ காசு குடுத்துக் கறுப்பு அடிச்சுக்குவா?”

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அச்சாகப் பொருந்துகிற பாட்டில் அதுதான்.

மதியம் வெள்ளிக்கிழமைக் கல்யாணப் பெண் மேக்கப் ட்ரையலுக்கு வந்தாள். பெயர் தேன்மொழி. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊர். இன்ஜினியர், சென்னையில் வேலை. நல்ல கறுப்பு, நல்ல மூக்கு, கண். கறுப்பை எல்லோரும் சொன்னார்கள். மூக்கை யாரும் சொல்லவில்லை. கூட வந்த அத்தைதான் பேச்செல்லாம்.

“மாப்ள வீட்டுல போட்டோவப் பாத்து ஒத்துக்கிட்டாக மேடம். நேர்ல கலர் கொஞ்சம் கம்மி. கம்மின்னு தெரியாமப் பண்ணிவிடுங்க.”

“அத்தை, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.”

“உக்காந்திருக்கியா? இருட்டுல எங்கத்தா தெரியுது!”

எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள். அவ்வளவு படித்துவிட்டு அதற்குச் சிரிக்கிறாள். எனக்கு அவளை அப்போதே பிடிக்கவில்லை.

எந்த அளவுக்குக் கலர் ஏற்ற வேண்டும் என்று பார்லர் மேடம் கேட்டார். அத்தை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினாள். “இந்தா, இந்தப் புள்ள கலருக்கு.”

வழக்கம்தான். “சித்ரா, கையைக் குடு.” நான் சுடிதார்க் கைப் பட்டனைக் கழற்றி, கையைச் சுருட்டி, மணிக்கட்டின் உள்பக்கத்தை அந்தக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேடம் கலந்து கலந்து தடவுவார், என் கையும் அந்தக் கன்னமும் ஒன்றாகும்வரை. சேர்ந்த நாளிலிருந்து இதுதான். வெயில் பட்டுக் கை கறுத்துவிடக் கூடாது என்று எனக்கு மட்டும் முழுக்கை சுடிதார். மேடம் ஆர்டர். நான் ஒரு ஷேடு கார்டு.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். “கல்யாணத்தன்னிக்கு நீயும் வா. வலது கன்னம் நீ போடு. ஒழுங்கா வந்துச்சுன்னா அடுத்த முகூர்த்தத்துல இருந்து உன்னைத் தனியா அனுப்புறேன்.”

தனியாக. என் பெட்டி, என் பிரஷ். கூட்டுவது, தலைமுடி அள்ளுவது, துண்டு துவைப்பது இல்லை. வேண்டும். வாய் திறந்து ஒன்றைக்கூட இப்படி வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. இன்றும் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

ஆனால் கல்லுப்பட்டி. எங்கள் ஊர் பேரையூர்ப் பக்கம், அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். அந்தப் பக்கம் ஆளைப் பார்த்தால் சும்மா விடமாட்டார்கள். எந்த ஊர் என்பார்கள். அடுத்தது எந்தத் தெரு.

மேடம் கேட்டதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று என் முகத்தைப் பார்த்தார். “நல்ல குடும்பத்துப் புள்ளன்னு பாத்தாலே தெரியுது” என்றார். அவருக்கு என்ன தெரிந்ததோ. நான் வாயைத் திறக்கவில்லை.

26-8, செவ்வாய்

வாங்க வேண்டியது: பஞ்சு, சேஃப்டி பின், யு-பின், பொட்டு (சிவப்பு, மெரூன்), ஸ்பாஞ்ச், மல்லிகைக்குச் சொல்ல வேண்டும். யு-பின் மறந்துவிட்டேன். மறுபடி நடை.

ஃபேஷியலுக்கு வந்த ஒரு பெண், பாண்டி அக்கா கையில் கிண்ணத்தோடு நிற்கும்போதே மேடத்திடம் சொன்னாள்: “தப்பா நெனைக்காதீங்க. இந்தப் புள்ள பண்ணுனா நம்பிக்கை வரமாட்டேங்குது. அந்தச் செவத்த புள்ளையப் பண்ணச் சொல்லுங்களேன்.” காதில் விழும்படிதான் சொன்னாள். கறுப்பை யாரும் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை.

பா. அக்கா கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். அப்புறம் துண்டு காயப்போடும்போது என்மேல் எரிந்து விழுந்தாள்.

“ஒனக்கென்னடி, மகராசி. என்னைய மூணு தடவ பொண்ணு பாத்துட்டுப் போயிட்டாய்ங்க. மூணாவது வந்தவன் காபியக் குடிச்சுட்டு, காபி நல்ல கலரா இருக்குன்னு சொல்றான். அவிங்க வீட்டுப் பொம்பளைக சிரிக்கிறாளுக. ஒன்னைய ஒருத்தன் அப்படிச் சொல்லியிருப்பானா? கறுப்பாப் பொறந்தவ பாடு ஒனக்கு என்னடி தெரியும்?”

 பாவம் என்று நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. காம்ப்ளெக்ஸ் கூட்ட வரும் முனியம்மா அக்காவிடம் போன மாதம் இவள் கத்தியது ஞாபகம் வந்தது. இவளுடைய தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுக் கூட்டினாளாம், அவ்வளவுதான். “எதைத் தொடுறதுன்னு இல்ல?” என்று பாட்டிலையே குப்பையில் போட்டாள். முனியம்மா அக்கா இவளைவிட நிறம்.

பா. அக்காவின் கறுப்புக்கு அவள் அழலாம், திட்டலாம், மேடத்திடம் சண்டை போடலாம். அடுத்த நாள் கோயிலில் முன்வரிசையில் நிற்கலாம். எந்த வீட்டிலும் அடுப்படிவரைக்கும் போகலாம். அவளுக்குப் பூசிக்கொள்ள டப்பா இருக்கிறது. இன்னொன்றுக்கு டப்பா இல்லை.

இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதுகிறேன். கோழை.

27-8, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கூட்டமில்லை. மேடம் வீட்டுக் கொழுக்கட்டை. எனக்குக் கையில் கொடுத்தார். பா. அக்காவுக்குக் கையில். முனியம்மா அக்காவுக்குப் பேப்பரில் வைத்து ஜன்னல் கட்டையில். “எடுத்துக்கம்மா” என்று அன்பாகத்தான் சொன்னார். கறுப்பைச் சொல்லும்போது சிரிக்கிறார்கள். இதைச் செய்யும்போது அன்பாகப் பேசுகிறார்கள்.

நான் என் கொழுக்கட்டையைத் தின்றேன். பூரணம் நன்றாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். இருந்தது.

பள்ளிக்கூடம் ஏன் நின்றாய் என்று பா. அக்கா ஒருமுறை கேட்டாள். படிப்பு வரவில்லை என்று சொன்னேன். நன்றாக வந்தது. பத்தாவதில் அறிவியல் பாடம். கண், மூக்கு, நிறம் எல்லாம் அப்பா அம்மாவிடமிருந்து வருகிறது என்று சார் நடத்தினார். பின்பெஞ்சிலிருந்து ஒருவன்: “சார், அப்ப சித்ராவுக்கு எங்கருந்து வந்துச்சு? அவுக தெருவுல இந்தக் கலர் ஏது?”

வகுப்பே சிரித்தது. சாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எனக்கு அந்த இடத்தில் புரியவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, அம்மா களையெடுக்கப் போகும் தோட்டத்தைத் தாண்டும்போது புரிந்தது. தோட்டத்துக்காரர் செக்கச் சிவப்பு. அப்பாவின் அம்மாவும் நல்ல சிவப்பு, நான் பிறக்குமுன்பே போய்விட்டாள். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? ஏன் சொல்ல வேண்டும்?

மறுநாளிலிருந்து போகவில்லை. அம்மா அடித்தாள். அப்போதும் நான் காரணம் சொல்லவில்லை. சொல்லவே மாட்டேன்.

இந்தக் கலரை வைத்துக்கொண்டு ஊரில் அசிங்கப்பட்டேன். இதே கலர் மதுரையில் சோறு போடுகிறது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஆட்கள்தான்.

28-8, வியாழன்

மழை வருவது போல் இருட்டிவிட்டு ஏமாற்றியது. பிரஷ் எல்லாம் கழுவிக் காயவைத்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“கல்லுப்பட்டி வரைக்கும் வாரியா? வீட்டுக்கு வந்துட்டுப் போத்தா.”

“வேலையிருக்கும்மா.”

“யாராச்சும் கேட்டா வாயத் தொறக்காத. மதுரைன்னு சொல்லிரு. ஒன் கலருக்கு எவளும் சந்தேகப்பட மாட்டா.”

பெருமையாகச் சொன்னாள். நெட்வொர்க் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: மதுரைதான். பைபாஸ் ரோடு. அப்பா கம்பெனியில் வேலை. (அப்பா சித்தாள் வேலை. அதுவும் ஒரு கம்பெனிதான்.) கண்ணாடி முன் சொன்னேன், திக்காமல் வந்தது. கலரைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்கிறார்கள், திட்டிவிட்டுப் போகிறார்கள். எந்தத் தெரு என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கும்வரை நான் நல்ல குடும்பத்துப் பிள்ளை.

வலது கன்னம். முதலில் ஸ்பாஞ்ச், தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். காதோரம் கோடு தெரியக் கூடாது. கழுத்துக்கும் பூச வேண்டும்.

29-8, வெள்ளி

கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதுரை பஸ் வரவில்லை. கை எரிகிறது.

விடியும்போதே வேனில் போய்விட்டோம். பெரிய வீடு, வாசலில் வாழைமரம், ரேடியோ செட் அலறல். அத்தை வாசலுக்கு வந்தாள். என் கையைப் பிடித்து “வாத்தா, உள்ள வா” என்று சாமி ரூமுக்கே கூட்டிப்போனாள். குங்குமம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எவர்சில்வர் டம்ளரில் காபி. பா. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அத்தை அவளைப் பார்த்து, “ஏம்மா, நீ பெட்டிய வச்சுட்டு அந்தப் பக்கம் உக்காரு” என்று கொல்லைப்புறத்தைக் காட்டினாள். பேப்பர் கப்பில் காபி போனது.

பா. அக்காவுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. நான் எவர்சில்வர் டம்ளரில் குடித்து முடித்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

மேடம் பெண்ணை உட்கார வைத்து ஆரம்பித்தார். இடது கன்னம் அவர். என் கை வழக்கம்போல் சுருட்டியபடி பெண்ணின் முகத்தோரம். இடது முடிந்தது. நான் ஸ்பாஞ்ச் எடுத்து வலது கன்னத்தில் ஒற்றினேன். நன்றாக வந்தது. கோடு தெரியவில்லை. மேடம் பார்த்துவிட்டு “ம்” என்றார். அந்த “ம்” போதும், அது எனக்குத் தெரியும்.

அப்போது பா. அக்கா பேப்பர் கப்போடு உள்ளே வந்தாள்.

“ஏங்க, என்னைய எதுக்குக் கொல்லையில உக்கார வச்சீக?”

“இல்லம்மா, எடம் பத்தல...”

“எடமா? எங்கப்பாவுக்கு எந்தக் குலசாமி தெரியுமா? ஒங்க பத்திரிகையில போட்டிருக்கீகளே, அதே சாமிதான். மாசிப் பச்சை சாமி கும்புட நீங்க போற அதே கோயிலுக்குத்தான் நாங்களும் போறோம். கெடா வெட்டுல எங்க சித்தப்பா ஒங்க வரிசையிலதான் நிப்பாரு. கறுப்பா இருந்தா அந்தத் தெருவுன்னு நெனச்சீகளா? என்னையப் போயி அவளுகன்னு நெனச்சீகளே!”

அந்த “அவளுக”வை அவள் சொன்ன விதம். குப்பையில் போட்ட பாட்டில்.

“அடி ஆத்தி! நம்ம புள்ளையா நீயி!” அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நெறத்தப் பாத்துட்டுத் தப்பா நெனச்சுப்புட்டேன்த்தா. மன்னிச்சிரு. ஏ, இவளுக்கு டம்ளர்ல காபி கொண்டாங்க!” பா. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்தபடியே உட்கார்ந்தாள். கோபம் அவ்வளவுதான், ஒரு டம்ளரில் அடங்கிவிட்டது.

சமாதானமான சந்தோஷத்தில் அத்தை என் பக்கம் திரும்பினாள். “அப்ப நீ எந்தக் குலசாமித்தா?”

மதுரைதான், பைபாஸ் ரோடு. நாக்கின் நுனியில் இருந்தது. கையில் ஸ்பாஞ்ச். இன்னும் நெற்றிக்குக் கீழே வலது பக்கம் கொஞ்சம்தான் பாக்கி.

பேரையூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். “ரோட்டுக்கு மேக்கால இருக்குற தெரு. பாண்டி அக்கா சொன்னாங்கள்ல, அவளுக. அந்தத் தெரு.”

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

யாரும் திட்டவில்லை. அத்தை என் டம்ளரைத் தேடினாள், ஜன்னலில் இருந்தது, சேலை முந்தானையால் பிடித்து வெளியே எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, மெதுவாக, ரொம்பப் பிரியமாக: “மனசுல ஒண்ணும் வச்சுக்காதத்தா. எங்களுக்கு ஒண்ணுமில்ல. மாப்ள வீட்டு ஆளுக வந்துட்டா ஆளுக்கொண்ணு பேசுவாக. பொண்ணு மூஞ்சி பாரு, நல்ல நாளு.”

பா. அக்கா தரையைப் பார்த்தாள்.

பெண் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். அன்றைக்கு இவளை இருட்டில் தெரியவில்லை என்று சிரித்தார்களே, இவளாவது ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

“யாராவது சீக்கிரம் போடுங்க. அரைகொறை மூஞ்சியோட உக்காந்திருக்கேன்.”

மேடத்துக்கு முகம் சுண்டிவிட்டது. என்னிடம் கேட்கவில்லை, அத்தையிடம் கேட்டார். “இவ இல்லாட்டி கலர் ஒத்து வராதுங்க. ரெண்டு பக்கமும் வேற வேறயாத் தெரியும்.”

அத்தை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், நியாயமான ஒரு வழிக்காக.

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. பிரஷ்ஷ அந்தப் புள்ளைட்டக் குடுங்க. இவ தொட வேணாம். கைய மட்டும் தள்ளி நீட்டிக்கிட்டு நிக்கட்டும். கலர் பாத்துக்கங்க.”

மேடம் என்னிடமிருந்து ஸ்பாஞ்சை வாங்கி பா. அக்காவிடம் கொடுத்தார். “சித்ரா, கையைக் குடு. இன்னிக்கு ஒரு நாள்மா. அப்புறம் பேசிக்கலாம்.”

கொடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாழைமரத்தைத் தாண்டி வெளியே வந்தேன். மேடம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ரேடியோ செட்டையும் மீறிக் கேட்டது. வெயில் ஏறியிருந்தது. சுருட்டிய கையை இறக்கவில்லை. மற்றக் கையையும் முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரை, ரோட்டில் நிழல் இல்லாத பக்கமாகவே நடந்தேன்.